துருக்குழி விழுந்த முன் ஃபோர்க் குழாய்: ஹார்டு குரோம் ஏற்றுவதா, புதிதாக வாங்குவதா?

அல்சூர் ரோடுகிங்:
1980களில் மைசூரில் தயாரான யெஸ்டி ரோடுகிங் மோட்டார் சைக்கிள் ஒன்றை இன்றும் அன்றாடம் ஓட்டி வருகிறேன். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இடது காலில் எண்ணெய் கசிந்ததால், எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கும் ஆயில் சீலை ஒரு பட்டறையில் மாற்றினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் மீண்டும் கசிவு வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தபோது, சீல் ஏறி இறங்கும் பகுதியிலேயே குரோம் உரிந்து, நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குத் துருக்குழிகள் இருப்பது தெரிந்தது. வலது காலிலும் சில குழிகள் உள்ளன. இது தவிர, முன் பிரேக்கை அழுத்தும்போது ‘டக்’ என்று ஓர் அடி கைப்பிடியில் தெரிகிறது. யெஸ்டியைத் தயாரித்த ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்டதால் அசல் குழாய்க்கு வழியில்லை. பழைய குழாய்களுக்கே ஹார்டு குரோம் (தடித்த, கடினமான குரோம் பூச்சு) ஏற்றிக் கிரைண்டிங் செய்வது நல்லதா, பெங்களூருவின் உதிரிபாகச் சந்தையான ஜே.சி. ரோட்டில் விற்கும் புதுக் குழாய்களை வாங்குவது நல்லதா?

ஜே.சி. ரோடு மெக்கானிக்:
தம்பி, புதுக் குழாய்களை ஜோடியாக வாங்கிப் பொருத்துங்கள். குரோம் ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைகளில் பெரும்பாலானவை சைலன்சருக்கும் கைப்பிடிக்கும் பூசுகிற அலங்கார முலாத்தையே குழாய்க்கும் பூசித் தருகின்றன. அது நிக்கலின் மேல் படிந்த மிக மெல்லிய படலம். பார்வைக்குப் பளபளக்கும், ஆனால் சீலின் உதடு உரசத் தொடங்கியதும் தேய்ந்து உரிந்துவிடும். அது ஒருபுறம் இருக்க, பெங்களூரு சாலைகளின் ஹம்புகளிலும் பள்ளங்களிலும் முப்பது, நாற்பது ஆண்டுகள் அடிபட்ட குழாய் நேராகத்தான் இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி முன்னால் வந்து இறங்குவது அந்த இரண்டு குழாய்களின் மீதுதான்.

பீன்யா லேத்:
மெக்கானிக் அண்ணன் அலங்கார முலாம் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் ஹார்டு குரோம் வேறு வேலை. ஹைட்ராலிக் ஜாக்கிகளின் தண்டுகளுக்கு நாள்தோறும் பீன்யா தொழிற்பேட்டையில் அதைச் செய்கிறார்கள். முதலில் பழைய குரோமை நீக்க வேண்டும். அமிலத்தில் ஊறவைப்பதைவிடக் காஸ்டிக் சோடாக் கரைசலில் மின்னோட்டத்தைத் திருப்பி நீக்குவது இரும்புக்கு நல்லது. அடுத்து, குழிகளின் அடி மறையும்வரை கிரைண்டிங் செய்ய வேண்டும். இந்தப் படியைத் தாண்டிச் செல்கிற இடத்தில்தான் வேலை கெடுகிறது, ஏனென்றால் குரோம் குழியை நிரப்பாது. குழியின் வடிவத்திலேயே படிந்து, அதன் விளிம்பில் இன்னும் தடிக்கும். பிறகு தேவையான அளவைவிடக் கூடுதலாகக் குரோமை ஏற்றி, மறுபடி கிரைண்டிங் செய்து அசல் விட்டத்துக்குக் கொண்டுவந்து, கண்ணாடிபோல் மெருகிட வேண்டும். மரை உள்ள முனைகளை முலாம் படாமல் மூடி வைப்பதும் முக்கியம். இப்படிச் செய்த குழாய், ஆலையிலிருந்து வந்த நாளைவிடத் துருவை நன்றாகத் தாங்கும்.

சந்தைக் குழாய்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். என் பட்டறைக்கு வந்த ஜோடிகளில் ஒன்றின் விட்டம் மற்றொன்றோடு ஒத்துப்போகாததைக் கண்டிருக்கிறேன். ஒரே குழாயில் மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு இருந்ததும் உண்டு. அசல் இரும்பு கையில் இருக்கும்போது, என்ன இரும்பு என்றே தெரியாத ஒன்றை நம்பி அதைக் கழற்றி எறிய என் மனம் ஒப்பவில்லை.

ஜே.சி. ரோடு மெக்கானிக்:
நீங்கள் சொல்லும் ஒழுங்கோடு செய்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முலாம் தொட்டிக்குச் சொந்தக்காரருக்கு மாதம் முழுவதும் ஆலை வேலை காத்திருக்கும். ஒரே ஒரு ஜோடி ஃபோர்க் குழாயோடு வருகிறவரை அவர் கடைசியில்தான் கவனிப்பார். முலாம் ஏற்றும்போது ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகக்கூடும் என்பதும், அதை வெளியேற்ற முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் 190 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் அடுப்பில் வைக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். சின்ன வேலைக்கு அடுப்பைப் பற்றவைத்தார்களா என்று வாடிக்கையாளர் எப்படி அறிவார்? கிரைண்டிங்கில் குழாயின் சுவர் மெலிவதையும் நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. சந்தைக் குழாயில் குறை இருந்தால் கடையிலேயே மைக்ரோமீட்டர் வைத்துக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

காக்ஸ் டவுன் அளவைக்கூடம்:
தொழிற்சாலை அளவைக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். இருவரும் அளக்காமலேயே மருந்து எழுதுகிறீர்கள். தம்பி குறிப்பிட்ட ‘டக்’ என்னும் அடி துருக்குழியால் வருவதல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது கோன் செட்டின் (ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள குண்டு பேரிங்கின்) தளர்வாக இருக்கலாம், அல்லது குழாய் வழுக்கி ஓடும் வளையமான புஷ் தேய்ந்திருக்கலாம். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னுமாக இழுத்துப் பாருங்கள். கழுத்துப் பகுதியில் இன்னொருவர் விரல் வைத்திருக்க, ஆட்டம் அங்கே தெரிந்தால் கோன் செட். குழாயும் பாட்டமும் (குழாய் உள்ளே ஏறி இறங்கும் கீழ்க்கால்) சேரும் இடத்தில் தெரிந்தால் புஷ். ஹேண்டில்பார் நேர் நிலையில் மட்டும் சிக்கி நிற்பதுபோல் தோன்றினால், குண்டுகள் வளையத்தில் பள்ளம் போட்டுவிட்டன என்று பொருள். எவ்வளவு இறுக்கினாலும் அது சரியாகாது, செட்டையே மாற்ற வேண்டும்.

அடுத்து, குழாயை வி பிளாக்குகளின் (V வடிவப் பள்ளமுள்ள தாங்கு கட்டைகள்) மீது கிடத்தி, நடுவில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்துச் சுழற்றுங்கள். பல தயாரிப்பாளர்களின் பணிக்கையேடுகள் 0.2 மி.மீ. வரைதான் அனுமதிக்கின்றன. முள் காட்டும் மொத்த அசைவில் பாதிதான் உண்மையான வளைவு என்பதையும், கையேடு இரண்டில் எதைக் குறிக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குழிகளின் இருப்பிடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சீல் தொடாத மேற்பகுதியில் குழி இருந்தால் எண்ணெய் கசியாது, அதற்காகச் செலவு செய்யத் தேவையில்லை. ஒரு காலில் அளவுக்கு மீறி எண்ணெய் ஊற்றியிருந்தாலும் உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து, அழுத்தம் ஏறி, நல்ல சீலும் கசியும். பழைய சீல் மாற்றப்பட்டபோது எவ்வளவு எண்ணெய் ஊற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அல்சூர் ரோடுகிங்:
அம்மா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். ஆட்டம் கழுத்தில்தான், கோன் செட் போய்விட்டது. குழாய்களை ஒரு லேத்தில் கொடுத்து அளந்ததில், வலது குழாயில் முள் 0.1 மி.மீ. அசைந்தது, இடது குழாயில் 0.5 மி.மீ. அசைந்தது. மடிப்போ விரிசலோ இல்லை. பாட்டத்தின் உள்துளையும் புஷ்ஷும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

பீன்யா லேத்:
0.5 என்றால் உண்மையான வளைவு கால் மில்லிமீட்டர்தான். மடிப்பு இல்லாத இந்த அளவு வளைவைப் பிரஸ்ஸில் வைத்துச் சிறிது சிறிதாக அழுத்தி நேராக்கலாம். இரண்டு குழாய்களையும் காப்பாற்ற முடியும் என்பதே என் முடிவு.

காக்ஸ் டவுன் அளவைக்கூடம்:
நேராக்குவதை முலாமுக்கு முன்பே செய்துவிடுங்கள். ஹார்டு குரோம் மிகக் கடினமானது, வளைந்து கொடுக்காது. பின்னால் அழுத்தினால் மேற்பரப்பில் வெடிப்பு விழுந்து, அதன் வழியே மறுபடி துரு புகும். நேராக்கிய குழாயை மறுநாள் இன்னொரு முறை அளந்து பார்த்துவிட்டுத் தொட்டிக்கு அனுப்புங்கள்.

ஜே.சி. ரோடு மெக்கானிக்:
ஒரு முறை வளைந்து நிமிர்ந்த இரும்பை முன் சக்கரத்துக்கு மேலே வைத்து ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இடது குழாயையாவது மாற்றுங்கள் என்றே இன்னமும் சொல்வேன்.

அல்சூர் ரோடுகிங்:
நெடுஞ்சாலை ஓட்டத்தை மனத்தில் வைத்து மெக்கானிக் அண்ணனின் எச்சரிக்கையை எடுத்துக்கொள்கிறேன். வலது குழாயைப் பீன்யாவில் கொடுத்து, அடுப்பில் வைப்பதை நேரில் நின்று பார்ப்பதாகச் சொல்லி ஹார்டு குரோம் ஏற்றப் போகிறேன். இடது பக்கத்துக்குக் கடையிலேயே விட்டத்தையும் வளைவில்லாமல் இருப்பதையும் அளந்து பார்த்த புதுக் குழாய் வாங்கி, வலது குழாயை அதே விட்டத்துக்குக் கிரைண்டிங் செய்யச் சொல்கிறேன்.

பீன்யா லேத்:
இரண்டையும் ஒன்றாகக் கொடுங்கள். புதுக் குழாயின் மேல் பூச்சையும் ஒருமுறை சோதித்துவிட்டு அளவை முடிவு செய்வோம்.

ஜே.சி. ரோடு மெக்கானிக்:
பொருத்தும்போது, சீலின் சுருள்கம்பி உள்ள முகம் எண்ணெய்ப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். குழாயின் மேல் முனையில் மெல்லிய பாலிதீன் உறையைச் சுற்றி அதன்மேல் எண்ணெய் தடவிச் சீலை இறக்கினால், விளிம்பு அதன் உதட்டைக் கிழிக்காது. கசிந்த எண்ணெய் முன் டிரம்முக்குள் இறங்கியிருக்கிறதா என்று பிரேக் ஷூவைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் ஊறிய லைனிங்கைக் கழுவிப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள். ஆக்சில் தடையில்லாமல் கையால் நுழைய வேண்டும். சக்கரத்தை மாட்டியதும், அடியில் உள்ள இறுக்கு நட்டைத் தளர்வாக விட்டு, பிரேக்கைப் பிடித்தபடி முன்பக்கத்தைச் சில முறை நன்றாக அழுத்தி விடுங்கள். இரண்டு கால்களும் தமக்குள் நேராகி அமர்ந்த பிறகே கடைசி இறுக்கத்தைக் கொடுங்கள்.