வெயிலில் நின்ற வண்டியில் ஸ்கூபா டேங்க்: உங்களுக்கு என்ன நடந்தது?

ஷார்ஜா_சுறா:
போன கோடையில் கோர்ஃபக்கான் போகும் வழியில் நடந்தது. நண்பருடைய ஜீப். வாடகைக் கடையிலிருந்து முந்தின நாளே எண்பது கன அடி அலுமினியம் டேங்க்குகளை (தண்ணீருக்கடியில் மூச்சுவிடக் காற்று அடைத்தவை) எடுத்து டிக்கியில் போட்டிருந்தார். காற்று அதிகம் என்று காலை டைவ் தள்ளிப்போனதால் வண்டி பகல் முழுக்க வெட்டவெளியில் நின்றது. சாயங்காலம் கிளம்பி, வழியில் கரக் டீக்கு நிறுத்தினோம். கப் கைக்கு வருவதற்குள் வண்டிக்குள்ளிருந்து துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம். அப்புறம் நிற்காத சீறல். டீக்கடைச் சேட்டன் டயர் என்றுதான் நினைத்தார். பின் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது நல்லதாகப் போயிற்று. சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் கதவைத் திறந்தோம். டேங்க் முழுசாக இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. வால்வு மட்டும் தொட முடியாத அளவுக்கு ஜில்லென்று இருந்தது. கடைக்காரரிடம் கேட்டால், "வெயில் சார், நான் என்ன செய்ய?" என்கிறார்.

கம்ப்ரஸர்_காசி:
தம்பி, அவர் வெயில்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துவிட்டார். நான் ஃபில்லிங் ஸ்டேஷனில் வேலை பார்த்தவன், கணக்கையே சொல்கிறேன். 25 டிகிரியில் 200 பார் (பார் என்பது அழுத்த அளவு) இருக்கும் டேங்க், 65 டிகிரிக்குச் சூடானால் சுமார் 230 பார் காட்டும். டிகிரிக்கு முக்கால் பாருக்குள்தான் ஏறும். நீங்கள் சொல்கிற எண்பது கன அடி டேங்கின் வேலை அழுத்தம் 207 பார், சோதனை அழுத்தம் 345. அதாவது ஹைட்ரோ டெஸ்டில், தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்க்கும் சோதனையில், அத்தனை பாரையும் தாங்கிவிட்டுத்தான் கடைக்கு வருகிறது. நல்ல நிலையில் உள்ள டேங்கைக் கார் சூடு மட்டும் வெடிக்க வைக்காது.

உங்கள் வண்டியில் போனது பர்ஸ்ட் டிஸ்க். வால்வின் பக்கவாட்டில் ஒரு சின்ன அடைப்பு மாதிரி இருக்குமே, அதற்குள் இருக்கும் மெல்லிய தகடு. அழுத்தம் மிஞ்சினால் டேங்க் வெடிக்கும் முன் தானே கிழிந்து காற்றை வெளியே விடும். அமெரிக்க முறை டேங்க்குகளில் அது 310 பாருக்கு மேல்தான் கிழிய வேண்டும். ஆனால் ஒவ்வொரு ஃபில்லுக்கும் அது உப்பி உப்பித் தளரும், உப்புநீர் பட்டு அரிக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் செய்யும்போதாவது மாற்ற வேண்டியதை, பல கடைகளில் யாரும் தொடுவதே இல்லை. அப்படிக் களைத்துப்போன தகடு 230 பாரிலேயே விட்டுவிடும். ஐரோப்பிய வால்வுகளில் பெரும்பாலும் இந்தத் தகடே கிடையாது. அங்கே அதிகமாக அடைத்துக் கொடுப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். 230 பார் அடித்துக் கொடுத்தால் நமக்கு லாபம் மாதிரி இருக்கும், வெயிலில் அது 260ஐத் தாண்டும்.

புதுவை_பவளம்:
காசி அண்ணா சொல்வது சரி. எங்கள் பக்கம் சூட்டைவிட உருளுவதுதான் தொல்லை. காற்றோடு சேர்த்து ஒரு டேங்க் 17 கிலோ வரும். ஈசிஆரில் ஒரு மாடு குறுக்கே வந்து பிரேக் அடித்தால் அது நேராக முன் சீட்டுக்குத்தான் வரும். எங்கள் குழு வேனில் ஒருமுறை வால்வுக் குமிழ் சீட்டுக் கம்பியில் உரசி உரசியே திறந்துகொண்டது. சத்தம் பெரிதாக இல்லை, பாட்டு ஓடியதால் யாருக்கும் கேட்கவில்லை. படகுத்துறையில் கேஜ் (அழுத்தமானி) வைத்துப் பார்த்தால் பாதிக் காற்றுதான் மிச்சம். இப்போது ராட்செட் பெல்ட் (இறுக்கிக் கட்டும் பட்டை) போட்டுக் கட்டாமல் வேன் நகராது.

இன்னொன்று, சூடான வேனில் கேஜ் 200 காட்டுகிறதே என்று நம்பி டைவ் திட்டம் போடாதீர்கள். தண்ணீருக்குள் போனதும் அது 180க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். புதிதாக வருபவர்கள் லீக் என்று பதறுகிறார்கள். ரெகுலேட்டரை (டேங்க் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) மாட்டியபடியே வெயிலில் போடுவதையும் விடுங்கள். ரப்பர் ஹோஸ்தான் முதலில் கெடும்.

ஷார்ஜா_சுறா:
காசி அண்ணா, அப்போ மூடி வைப்பதால் பயன் உண்டா? பல நாள் வண்டியிலேயே வைக்க வேண்டி வந்தால் டேங்கைக் காலியாக்கி வைக்கலாமா?

கம்ப்ரஸர்_காசி:
கண்ணாடிக்கு வெள்ளித்தாள் மறைப்பு, டேங்க்மேல் ஒரு வெளிர்நிறக் கம்பளி, கண்ணாடி ஒரு விரல் இறக்கம், இவ்வளவு போதும். நிழல் கிடைத்தால் அதைவிட மேல். முழுக்கக் காலியாக்க வேண்டாம், ஈரம் உள்ளே போய் அரிக்கும். 20, 30 பார் விட்டு வால்வை மூடுங்கள். ஆனால் பல நாள் என்றால் வண்டி எதற்கு? வீட்டில் நிற்க வைத்துக் கட்டுங்கள்.

பழைய டேங்க் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். லக்ஸ்ஃபர் நிறுவனம் அமெரிக்காவில் 1988 வரை 6351 என்ற அலுமினியக் கலவையில் செய்த டேங்க்குகளுக்குக் கழுத்துப் பகுதியில் விரிசல் விழும் பழக்கம் உண்டு. அவற்றை எடி கரன்ட் சோதனை (மின்னோட்டத்தால் விரிசல் தேடும் சோதனை) இல்லாமல் நான் நிரப்ப மாட்டேன். ஒருவர் எரிந்துபோன காரிலிருந்து எடுத்த டேங்கைப் புதுப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தார். வால்வுக்குள் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உருகி ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. 177 டிகிரியைத் தாண்டிச் சூடான அலுமினிய டேங்கின் உலோகம் பலம் இழந்திருக்கும், அதைக் கழித்துக் கட்டுவதுதான் விதி. அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை, நாலு கடை ஏறி இறங்கினார். எந்தக் கடையாவது அடைத்துக் கொடுத்ததா என்று எனக்குத் தகவல் வரவில்லை.

புதுவை_பவளம்:
பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இனிமேல் வால்வைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன் அண்ணா. ஹைட்ரோ டெஸ்ட் தேதி டேங்கின் தோள்பட்டையில், கழுத்துக்குக் கீழே வளையும் பகுதியில், அடித்திருக்கும், வாடகைக்கு எடுக்கும்போது அதையும் படித்துவிடுங்கள் சுறா. டிஸ்க் எப்போது மாற்றினார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள்.