ஒரே சட்டியில் சாப்பிட்டோம், எனக்கு மட்டும் ஏன் சால்மொனெல்லா?

தூறல்77:
போன வாரம் வீட்டில் நாலு பேரும் ஒரே சட்டியிலிருந்து கோழிக்கறி சாப்பிட்டோம். மறுநாள் மதியம் எனக்குக் குளிர், காய்ச்சல், அப்புறம் வயிற்றுப்போக்கு என்று தொடங்கி மூன்று நாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. மலப் பரிசோதனையில் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா இருப்பதாக வந்திருக்கிறது. மற்ற மூன்று பேருக்கும் ஒன்றுமே இல்லை, என்னைவிட அதிகமாகச் சாப்பிட்ட தம்பிக்கும்கூட. இரண்டு வாரத்துக்கு முன்னால் பல்லில் சீழ் பிடித்து ஏழு நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். நெஞ்செரிச்சலுக்காக, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் சில மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா? குடல் பாக்டீரியா பற்றி எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள், எது ஆராய்ச்சி எது விளம்பரம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. புரோபயாடிக், அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய கேப்ஸ்யூல் வாங்கிச் சாப்பிட்டால் சீக்கிரம் தேறிவிடலாமா? இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பெட்ரிதட்டு:
நான் உணவுப் பாதுகாப்பு ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் வேலை பார்ப்பவன். உங்கள் விஷயத்தில் எது காரணம் என்று இங்கிருந்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு மாத்திரைகளுமே சால்மொனெல்லாவுக்குக் கதவைத் திறந்துவிடக் கூடியவை என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம்.

1954இல் மார்ஜரி போன்ஹாஃப், பிலிப் மில்லர் குழுவினர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சாதாரண எலிக்கு நோய் வரவேண்டுமானால் சுமார் ஒரு லட்சம் சால்மொனெல்லாவை வாய்வழி கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு தடவை ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்த எலிக்குப் பத்துக்கும் குறைவாகவே போதுமானதாக இருந்தது. அதே கிருமி, அதே எலி இனம். இடையில் மாறியது குடலில் ஏற்கெனவே குடியிருந்த பாக்டீரியாக்கள் மட்டும்தான். இந்த எண்களை முதல் முறை படித்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏனென்றால் ஆய்வகத்தில் நாங்கள் ஒரு கிராம் உணவில் எத்தனை கிருமி என்று எண்ணிக்கொண்டே இருக்கிறோம், அந்த எண்ணிக்கை யாருடைய வயிற்றுக்குள் போகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

குடியிருக்கும் பாக்டீரியாக்கள் பல வழிகளில் தடுக்கின்றன. கிருமிக்கு வேண்டிய உணவை முன்னாலேயே தின்றுவிடுகின்றன. நார்ச்சத்தை நொதிக்கவைத்து அவை உண்டாக்கும் அமிலங்கள் சால்மொனெல்லாவுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் சால்மொனெல்லாவும் லேசுப்பட்டது அல்ல. அது வேண்டுமென்றே குடலை அழற்சி அடையச் செய்கிறது. அந்த அழற்சியில் நம் உடல் வெளியிடும் ஆக்சிஜன் சேர்மங்கள், குடலில் இருக்கும் கந்தகப் பொருளை டெட்ராதயனேட் என்ற ஒன்றாக மாற்றிவிடுகின்றன. மற்ற குடல் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அதைப் பயன்படுத்த முடியாது, சால்மொனெல்லா அதை வைத்துச் சுவாசித்து வளர்கிறது. ஆண்ட்ரியாஸ் பாய்ம்லர் குழு 2010இல் இதைக் காட்டியது. அதாவது நம்முடைய எதிர்ப்பையே அது தனக்கு உரமாக்கிக்கொள்கிறது.

அமில மாத்திரை விஷயம் எளிது. இரைப்பை அமிலம்தான் முதல் காவல், அது குறைந்தால் உயிரோடு குடல் வரை போய்ச்சேரும் கிருமிகள் கூடும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

சூடானகரண்டி:
மேலே சொன்னதை நான் மறுக்கவில்லை, ஆனால் எல்லாப் பழியையும் குடல்மேல் போட்டுவிட்டுச் சமையலறையை மறந்துவிடக் கூடாது. பெரிய அளவில் சமைத்துப் பரிமாறும் இடத்தில் பல வருடம் இருந்தவள் நான். ஒரே சட்டி என்பதால் எல்லார் தட்டிலும் ஒரே அளவு கிருமி விழுந்தது என்று ஆகாது. எலும்பை ஒட்டிய இறைச்சி வேகாமல் இருந்திருக்கலாம், அந்தத் துண்டு உங்களுக்கு வந்திருக்கலாம். அல்லது பச்சைக் கோழி நறுக்கிய பலகையிலேயே வெங்காயத்தையோ வெள்ளரியையோ நறுக்கி, அதை நீங்கள் மட்டும் சாப்பிட்டிருக்கலாம். கோழியைக் குழாயடியில் கழுவுகிறவர்கள் அதை விட்டுவிடுங்கள், தண்ணீர் தெறித்துக் கிருமி பாத்திரம், மேடை என்று எல்லா இடத்துக்கும் போகும். வேகவைத்தால்தான் அது சாகும். இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் சால்மொனெல்லா பிழைக்காது.

இன்னொன்று, "மறுபடி கொதிக்கவைத்துவிட்டால் எதுவும் ஆகாது" என்று பலர் நம்புகிறார்கள். சால்மொனெல்லாவுக்கு அது சரி. ஆனால் வெளியிலேயே மணிக்கணக்கில் கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நச்சை விட்டிருந்தால் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அந்த நச்சு போகாது. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியா விடும் நச்சும் அப்படித்தான். இவற்றில் சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி வந்துவிடும், காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. உங்களுக்கு மறுநாள் காய்ச்சலோடு வந்திருப்பதால் பரிசோதனை முடிவோடு பொருந்துகிறது.

தூறல்77:
ரொம்ப நன்றி. பலகை விஷயம் இப்போதுதான் உறைக்கிறது, அன்று வெள்ளரி நறுக்கியது நான், நறுக்கும்போதே நாலைந்து துண்டு வாயில் போட்டுக்கொண்டேன். சரி, கேப்ஸ்யூல்?

பெட்ரிதட்டு:
வெள்ளரி பலமான சந்தேகம்தான். இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம், பலகையிலிருந்து கொஞ்சம் கிருமி, அதைத் தடுக்க ஆள் குறைந்த குடல்.

கேப்ஸ்யூலுக்கு வருகிறேன். ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் எடுத்தால் குடல் சீக்கிரம் பழைய நிலைக்கு வரும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2018இல் இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் இதையே சோதித்தார்கள். ஆரோக்கியமான 21 பேருக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்து, சிலரை அப்படியே விட்டார்கள், சிலருக்குப் 11 வகை பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் கொடுத்தார்கள், சிலருக்கு முன்பே சேமித்துவைத்த அவர்களுடைய சொந்தக் குடல் பாக்டீரியாவைத் திருப்பிச் செலுத்தினார்கள். சொந்தப் பாக்டீரியாவைப் பெற்றவர்கள் சில நாளில் மீண்டார்கள். புரோபயாடிக் எடுத்தவர்கள், சும்மா விடப்பட்டவர்களைவிடத் தாமதமாக மீண்டார்கள். சிறிய ஆய்வுதான், ஒரு குறிப்பிட்ட கலவைதான், ஆகவே எல்லாப் புரோபயாடிக்கும் கெடுதல் என்று இதிலிருந்து சொல்லக் கூடாது. ஆனாலும் "எதற்கும் இருக்கட்டும்" என்று வாங்கிப் போட்டுக்கொள்ளும் பொருள் அல்ல அது. நானாக இருந்தால் வாங்க மாட்டேன். வயிறு தாங்க ஆரம்பித்ததும் பருப்பு, காய், பழம், முழுதானியம் என்று வகைவகையாகச் சாப்பிடுங்கள், உள்ளே மிச்சம் இருப்பவைக்கு அதுதான் தீனி.

இரவுப்பணி:
மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். இதுவரை யாரும் சொல்லாததைச் சேர்க்கிறேன். வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாடிக்கை இதற்காக எடுத்து விழுங்கிவிடாதீர்கள். சாதாரண சால்மொனெல்லா பேதி பெரும்பாலானோருக்கு அதுவாகவே அடங்கிவிடும், தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் எடுத்தால் கிருமி மலத்தில் வெளியேறும் காலம் நீளக்கூடும். கைக்குழந்தை, வயதானவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் என்றால் கதையே வேறு, அவர்களுக்கு மருத்துவர் பார்த்துக் கொடுப்பார். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், சிறுநீர் குறைவது, எழுந்தால் தலைசுற்றல், இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் போங்கள். அதுவரை ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு கிளாஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி குடலைப் பிடித்துக்கொண்டு, திரும்பத் திரும்பப் பேதியாகி நைந்துபோனவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தூறல்77:
இன்று கொஞ்சம் சாப்பிட முடிகிறது, பேதியும் நின்றுவிட்டது. இனி நான் சமைக்கலாமா? தம்பிக்கு ஒன்றும் வராததால் இப்போதைக்கு அவன்தான் சமைக்கிறான்.

பெட்ரிதட்டு:
நின்ற பிறகும் சில வாரம் வரை உங்கள் மலத்தில் கிருமி வந்துகொண்டிருக்கலாம், அதனால் மற்றவர்களுக்குச் சமைப்பதைத் தள்ளிப்போடுங்கள். தம்பிக்கும் இதையே சொல்லுங்கள். காய்ச்சலோ பேதியோ இல்லாமலேயே சால்மொனெல்லாவைச் சுமப்பவர்கள் உண்டு. அவரும் அதே சட்டியில்தான் சாப்பிட்டிருக்கிறார், அவரை யாரும் பரிசோதிக்கவில்லை. கழிப்பறைக்குப் போய்வந்ததும், கரண்டியைத் தொடுவதற்கு முன்னாலும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், அந்தப் பலகையையும் இன்றே வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் காயவைத்துவிடுங்கள்.