ஒல்லாந்தர் காசைத் தரப்படுத்த அனுப்பலாமா?

உப்புவெளியான்:
அப்பாவின் பெட்டியில் தடித்த செம்புக் காசு ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனியான விஓசியின் முத்திரை, அதற்கு மேலே 'டி' எழுத்து. ஆண்டில் 179 என்ற முதல் மூன்று இலக்கம்தான் தெரிகிறது, கடைசி இலக்கம் தெரியவில்லை. அமெரிக்காவில் காசுகளைச் சோதித்துத் தரம் போடும் என்ஜிசி நிறுவனத்துக்கு அனுப்பித் தரம் போட்டு, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து எடுத்தால் விலை ஏறுமா?

கோட்டையடி:
தம்பி, அந்த 'டி' நம்ம திருகோணமலைதான்! கொழும்புக்கு சி, காலிக்கு ஜி, யாழ்ப்பாணத்துக்கு ஐ. 1795இல் இங்கிலீஷ்காரன் கோட்டையைப் பிடித்ததோடு இங்கே ஒல்லாந்தர் கதை முடிந்தது. கட்டாயம் அனுப்புங்கள். ஒல்லாந்தில் இருக்கிறவன் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறான். போலியாக இருக்குமோ என்ற பயம் இருந்தால் அடிமாட்டு விலைதான் கேட்பான்.

கிண்ணியாக்காரன்:
அனுப்பாதீங்க. தரம் என்று 1 முதல் 70 வரை அவர்கள் போடுகிற இலக்கத்தை ஷெல்டன் என்பவர் 1949இல் அமெரிக்காவின் பழைய ஒரு சத செம்புக் காசுகளுக்காக வகுத்தார். 70 தரக் காசு, 1 தரக் காசைப் போல 70 மடங்கு பெறும் என்ற கணக்கு. அந்தக் கணக்கு அங்கேயே நிலைக்கவில்லை. இங்கே கையால் அடித்த காசில் பாதி எழுத்து அடிக்கும்போதே வெளியே போயிருக்கும். அது தேய்மானமா, அடித்த கோளாறா என்று யார் பிரிப்பது? கூட்டுக்குள் போனால் விளிம்பையும் முழுசாகத் திருப்பிப் பார்க்க முடியாது. தடித்த காசில் நான் முதலில் பார்ப்பதே விளிம்பைத்தான். வார்த்து எடுத்த போலி என்றால் சுற்றிவர ஒட்டுக் கோடு தெரியும், பத்து மடங்கு லென்ஸில் குமிழிக் குழிகளும் தெரியும்.

கோட்டையடி:
கிண்ணியா நானா, உங்களுக்குக் கண் இருக்கிறது. வாங்குகிற எல்லாருக்கும் இருக்கா? இலக்கம் கிடக்கட்டும், 'உண்மையான காசு' என்ற ஒரு சொல்லுக்குத்தான் காசு கட்டுகிறோம்.

சீனக்குடா:
இரண்டு பேரும் சட்டத்தை விட்டுவிட்டீர்கள். 1940ஆம் ஆண்டு தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்திய காசும் தொல்பொருள்தான். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தபாலில் போட்டால் சுங்கத்தில் மாட்டும். காசும் போகும், நிம்மதியும் போகும்.

உப்புவெளியான்:
ஐயோ, இது தெரியாது. சரி, அனுமதி கிடைத்தால்? புளி போட்டுத் துலக்கிவிட்டு அனுப்பவா, மங்கிக் கிடக்கு.

கிண்ணியாக்காரன்:
தம்பி, கையை எடுங்க! புளி பட்ட செம்பு இளஞ்சிவப்பாய்ப் பளபளக்கும், தரம் போடுகிறவன் பார்த்த உடனே கண்டுபிடிப்பான். இலக்கம் தரமாட்டான், 'துலக்கியது' என்று எழுதிக் கூட்டில் அடைத்துவிடுவான். அப்புறம் அந்தக் கூடே உங்களுக்கு எதிரான சாட்சி.

கோட்டையடி:
நானா சொன்னதில் இது மட்டும் சரி. ஆனால் 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபா வெள்ளியை அனுப்பினால் இந்தச் சட்டச் சிக்கல் இல்லை. இயந்திரத்தில் அடித்தது, இலக்கமும் பொருந்தும். அதற்காவது ஒத்துக்கொள்ளுங்கள்.

கிண்ணியாக்காரன்:
எதற்கு? 28.28 கிராம், 925 வெள்ளி. நகைக்கடைத் தராசில் வைத்தாலே பாதிப் போலி கழிந்துவிடும். போக வரத் தபால், காப்புறுதி, கட்டணம் எல்லாம் டொலரில். காசின் விலையை அதுவே தின்றுவிடும். ஒரு கறையும் படாத காசு என்றால் பேசலாம்.

சீனக்குடா:
கூட்டையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். போலிக் கூடுகளும் வருகின்றன, உண்மையான சான்றிதழ் இலக்கத்தையே திருடிப் போடுகிறார்கள். இலக்கத்தை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, படம் இருந்தால் கீறல் கீறலாக ஒப்பிடுங்கள்.

கோட்டையடி:
ஒப்பிட ஒரு படமாவது இருக்கே! கூடில்லாத காசுக்கு அதுவும் இல்லை. நான் அனுமதிக்கு எழுதத்தான் சொல்வேன்.

கிண்ணியாக்காரன்:
எழுதுங்க. பதில் வருவதற்குள் தம்பி விளிம்பைப் படம் எடுத்து இங்கே போடட்டும். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேணும், ஃபிளாஷ் வேணாம்.