புதுப்பிப்பு: செங்கோட்டை ஸ்டுடியோ, ஓராண்டுக்குப் பின்

கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டையில் திருமணப் படப்பிடிப்பை மட்டும் நம்பி ஸ்டுடியோ நடத்த முடியுமா என்று சென்ற ஆண்டு இங்கே கேட்டிருந்தேன். கேரளத்தின் புனலூர்ப் பக்கத்து வாடிக்கையாளர்கள் சிலர், ஆல்பம் கைக்கு வந்தபின் மீதித் தொகையை இழுத்தடித்ததே அதற்குக் காரணம். எழுத்து ஒப்பந்தம் போடச் சொன்னீர்கள். போட்டேன். தேதி உறுதியாகும்போது ஒரு பங்கு, திருமண நாளில் ஒரு பங்கு, ஆல்பம் அச்சுக்குப் போகுமுன் மிச்சம் என்று பிரித்தபின் நிலுவை ஏறக்குறைய நின்றுவிட்டது.

ஒப்பந்தம் எழுதும்போதுதான் ஒன்று தெரிந்தது: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் பெற்றுக்கொண்டு ஒருவருக்காக எடுக்கும் நிழற்படத்தின் முதல் உரிமையாளர், மாறான உடன்பாடு இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே. இத்தனை ஆண்டுகளாக மணமக்களின் படங்களை என்னுடையவை என்றே கடை வாசலில் மாட்டியிருந்தேன் (கொஞ்சம் வெட்கம்தான்). இப்போது படங்களை அப்படி மாட்டுவதற்கான அனுமதியைத் தமிழிலும் மலையாளத்திலும் தனி வரியாக எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன்.

ஆடி மாதச் சிக்கல் மட்டும் தீரவில்லை. கேரளத்தில் திருமணம் வைக்காத கர்க்கடக மாதமும் அதே நாள்களில் வருவதால் எல்லை தாண்டினாலும் முகூர்த்தம் கிடையாது. ஆனால் குற்றாலத்தில் அது சாரல் காலம் என்பதால், விடுதிகளுக்கான விளம்பரப் படங்களைப் பேசி வைத்திருக்கிறேன்.