மறுமொழி: ‘ஃபிளை ஃபிஷிங்’ – ஈயா, பூச்சியா, இறகுமுள்ளா?

அன்புள்ள ஐயா, குழும நண்பர்களே, வணக்கம்.

இறகும் மயிரும் கட்டிய முள்ளைப் போலி இரையாக வீசி மீன்பிடிக்கும் ‘ஃபிளை ஃபிஷிங்’ முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு என் மறுமொழி இது. ‘ஃபிளை’ என்பதை அப்படியே பெயர்த்த ‘ஈ மீன்பிடிப்பு’ வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். படிப்பவருக்குச் சந்தையில் ஈ மொய்க்கும் மீன்தான் நினைவுக்கு வரும். அடுத்து ஐயா முன்வைத்த ‘பூச்சித் தூண்டில்’ நல்ல சொல். டிரவுட் மீனுக்கு அது அப்படியே பொருந்தும். நீரில் விழும் பூச்சிகளைத் தின்னும் மீன் அது. அதை ஏய்க்கப் பூச்சி போலவே ஒன்றைச் செய்து மிதக்கவிடுகிறார்கள்.

என் தடை சால்மனில் தொடங்குகிறது. அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஓடும் மோய் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டிக்கிலிருந்து ஏறிவரும் சால்மன், பாலினா நகரின் நடுவே உள்ள ‘ரிட்ஜ் பூல்’ மடுவைக் கடந்து மேலே போகும். சில மீன்கள் மேலே போகும் வழியில் பிரிந்து கான் ஏரிக்குள் போகும். ஆற்றில் மடுவை நோக்கித் தூண்டிலை வீசுவார்கள். ஏரியில் படகைக் காற்றின் போக்கில் விட்டு வீசுவார்கள். இரண்டு இடத்திலும் ஓர் உண்மை மாறாது: கடலிலிருந்து நன்னீருக்குள் வந்துவிட்ட சால்மன் இரையெடுப்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே மாதக்கணக்கில் காலம் தள்ளி, முட்டையிடும் இடத்துக்குப் போகும். பசியில்லாத மீன் அந்தப் போலி இரையை ஏன் பாய்ந்து கவ்வுகிறது? சினத்தாலா, குஞ்சாக இருந்தபோது பூச்சி தின்ற பழக்கத்தாலா என்று இன்றும் வாதாடுகிறார்கள். எப்படியானாலும் அந்தப் போலி இரை மீனைத் தூண்டுகிறது. ‘தூண்டு’ என்ற வினையிலிருந்து வந்த ‘தூண்டில்’ சால்மனுக்குப் பொருந்துவதுபோல வேறெந்த மீனுக்கும் பொருந்தாது. ‘தூண்டில்’ இருக்கட்டும், ‘பூச்சி’ போகட்டும் என்பதே என் வேண்டுகோள்.

சால்மனுக்குக் கட்டும் ‘ஸ்டோட்ஸ் டெயில்’ என்ற ‘ஃபிளை’ வகையைப் பாருங்கள். தூண்டில் முள்ளின் தண்டில் கறுப்பு நூலை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். அதன்மேல் வெள்ளிச் சரிகையை வரிவரியாக ஏற்றுகிறார்கள். கழுத்தடியில் சேவலின் கறுப்பு இறகைத் தாடி போல இறக்கி, முதுகில் கறுப்பு அணில்வால் மயிரைப் படிய வைத்து, தலையில் நூலை முடிந்து மெருகெண்ணெய் தடவுகிறார்கள். எந்தப் பூச்சியின் சாயலும் அதில் இல்லை. நம் ஊரில் பூக்கட்டும் விரல்களுக்கு இந்த வேலை உடனே புரியும். ஆகவே பொருளுக்கு ‘இறகுமுள்’, செய்வதற்கு ‘இறகுமுள் கட்டுதல்’, பிடிக்கும் முறைக்கு ‘இறகுத் தூண்டில்’.

மயிரும் சரிகையும் இருக்க, இறகை மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். இறகு என்பது இங்கே எடையையும் சொல்கிறது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு பறந்துபோய்த் தங்கூஸை, அதாவது நைலான் இழையை, பின்னால் இழுத்துச் செல்லும். இதில் தலைகீழ். இறகுமுள்ளுக்கு எடையே இல்லை எனலாம். கனம் முழுவதும் தடித்த கயிற்றில் இருக்கிறது. கோலைச் சுழற்றிக் கயிற்றைத்தான் வீசுகிறார்கள், முள் அதன் பின்னே போகிறது. ஆகவே அந்தக் கயிற்றுக்கு ‘வீச்சுக்கயிறு’. ஆனால் முறைக்கே ‘வீச்சுத் தூண்டில்’ என்று பெயரிட்டால் ஈயக்குண்டு கட்டி வீசுவதும் அதில் அடங்கிவிடும். வீச்சுக்கயிற்றின் முனையில் கட்டும் மெல்லிய நைலான் இழைக்கு ‘நுனித்தங்கூஸ்’ போதும்.

‘ஃபிஷரி’ பற்றி ஒரு வரி. ஆற்றின் இன்ன பகுதியில், ஏரியில், மீன்பிடிக்கும் உரிமையைக் குறிக்கும் இடத்தில் ‘மீன்வளம்’ என்று எழுதாதீர்கள். கண்மாய்க்கு ஏலம் விடும்போது நாம் சொல்லும் ‘மீன்பாசி’ கையிலேயே இருக்கிறது.

இன்னும் சரியான சொல் கிடைக்காதது ஒன்று. ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றின் பெயரால் வழங்கும் வீச்சுமுறை. கரையில் மரங்கள் நெருங்கி நிற்பதால் கயிற்றைப் பின்னால் நீட்டி எறிய முடியாது. நுனியை நீரில் தொடவிட்டு, வளைத்து உருட்டி எறிவார்கள். ‘உருள்வீச்சு’ என எழுதிப் பார்த்தேன், மனம் நிறையவில்லை. வலை வீசிப் பழகியவர்கள் குழுமத்தில் இருந்தால், இந்தக் கைச்சுழற்சிக்குக் கரையில் என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள்.