தாவரவியல் பூங்காவுக்கு அம்மாவோடு: எந்த வாசல் வசதி?

வணக்கம். அடுத்த வாரம் கோவையிலிருந்து அம்மா வருகிறார். மொட்டை மாடியில் நிழல்வலை கட்டி ஆர்க்கிட் வளர்ப்பவர். சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமை நேரில் பார்க்க அவருக்குக் கொள்ளை ஆசை. தாவரவியல் பூங்காவிலுள்ள தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறேன்.

அவருக்கு முழங்கால் வலி, படியேறுவது கஷ்டம். எம்ஆர்டி ரயில் நிலையம் இருக்கும் புக்கிட் தீமா வாசலிலிருந்து ஆர்க்கிட் தோட்டம் நல்ல தூரம். டாக்சியில் எந்த வாசலில் இறங்கினால் நடை குறையும்? சக்கர நாற்காலியோடு உள்ளே சிரமமில்லாமல் சுற்ற முடிகிறதா?

அப்புறம், வறண்ட நாட்களுக்குப் பின் மழை பெய்தால் சாலையோர டிரம்பெட் மரங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் குலுங்குமே, இப்போது எந்தப் பக்கம் பூத்திருக்கிறது? சில நாளில் கொட்டிவிடும். பார்த்தவர்கள் உடனே இடத்தைச் சொல்லுங்கள், அம்மா வந்ததும் கூட்டிப் போகிறேன்.