பாலைப்பழம் பறிக்கப் போய் வாங்கிய கொட்டு

வாழைச்சேனையிலிருந்து:

போன ஆனி மாதம் மச்சானும் நானும் அயல்வீட்டு மாமாவும் குடும்பிமலைப் பக்கம் பாலைப்பழம் பறிக்கப் போனோம். மரத்தில் ஏறிப் பட்டுப்போன ஒரு கொப்பைப் பிடித்தேன். கொள்ளியால் சுட்ட மாதிரி மணிக்கட்டில் ஒரு வலி. “முசுறு கடிச்சிட்டுது!” என்று கத்தினேன்.

மாமா கீழே நின்றபடியே சொன்னார்: “மரத்தில ஒரு இலைக்கூடும் இல்ல, முசுறு எங்கால வரும்? இது கொட்டுற எறும்பு மனே. இறங்கு, பழத்த மறுகா பாப்பம்.”

வலி குறையும்வரை அடிமரத்தடியிலேயே உட்கார்ந்து பார்த்தேன். முசுறு உடம்பெல்லாம் ஒரே செம்மஞ்சள், சாரிசாரியாக வரும். இதுவோ ஒன்று மேலே போகிறது, வெகுநேரம் கழித்து இன்னொன்று கீழே வருகிறது. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளம், ஒடிசலான உடம்பு. தலையும் வயிறும் கறுப்பு, நடுப்பகுதி செங்கல் நிறம். கண் பெரிது. போனில் படம் எடுத்துப் பெருப்பித்தபோது இடுப்பில் இரண்டு கணு தெரிந்தது. முசுறுக்கு ஒரு கணுதான்.

என் சந்தேகம் தீர்ந்தது இந்தக் கணுவால்தான். முசுறுக்குக் கொடுக்கு இல்லை, தாடையால் கடித்து அந்த இடத்தில் அமிலம் பீச்சும். இது குளவி மாதிரி வால்நுனிக் கொடுக்கால் கொட்டும். இலையைத் தைத்துக் கூடு கட்டுவதும் இல்லை, பட்ட கொப்பின் பொந்துக்குள்தான் குடியிருக்கும். நான் கைவைத்தது அதன் வீட்டு வாசலில். டெட்ராபொனேரா ரூஃபோநைக்ரா என்பது இதன் அறிவியல் பெயர். 1851இல் ஜெர்டன் முதலில் விவரித்த இனம். பெயரிலேயே சிவப்பும் கறுப்பும் இருக்கிறது.

திருக்கோவிலிலிருந்து:

அண்ணன், நீங்கள் சொன்ன நிறத்தில் எங்கள் வளவு முருங்கையிலும் ஒன்று திரிந்தது. ஈர்க்கால் தட்டினேன். எறும்பு துள்ளுமா? இது துள்ளியது, அப்புறம் நூல் விட்டுத் தொங்கியது! எண்ணிப் பார்த்தால் எட்டுக் கால். முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கிப் பிடித்திருந்தது. எறும்பு வேஷம் போடும் சிலந்தி. அன்றைக்கு அரைமணி நேரம் அந்த மரத்தடியை விட்டு நான் நகரவில்லை.

ஆனால் உண்மையான எறும்பு என் தங்கச்சியைக் கொட்டியபோது உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபடியால் தப்பினாள். இந்த எறும்பின் விஷம் சிலருக்கு உயிராபத்தான ஒவ்வாமையைக் கொடுக்கும், இலங்கையிலேயே அப்படி நடந்திருக்கிறது. வெறும் வலி, வீக்கம் என்றால் குளிர்ந்த தண்ணீர் ஒத்தடம் போதும். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ சுண்ணாம்பு தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள்.

வாழைச்சேனையிலிருந்து:

நன்றி தங்கச்சி. நேற்று மாமாவிடம் இதைச் சொன்னேன். அடுத்த முறை கொக்கத்தடி கொண்டுபோவோம் என்றார், பட்ட கொப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏற.